உதடு பொருந்தாத வசனம்

திரும்பிப் பார்த்தீங்கல்ல? பார்த்தீங்க, நான் கவனிச்சேன். கண்டக்டர்கிட்ட "ஓசூர் ஒண்ணு"ன்னு கேட்டேன், அவ்வளவுதான், சட்டுனு தலை திரும்புச்சு. எல்லாரும் அப்படித்தான் திரும்புவாங்க. மூஞ்சியைப் பார்த்ததும் ஏமாந்து போயிடுவாங்க. குரல் எங்கயோ கேட்ட குரலா இருக்கும், ஆளு யாரோ ஒரு குண்டம்மா, கட்டைப்பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்.

ஜன்னல் பக்கம் நீங்க போயிடுங்கம்மா. எனக்கு இடது காது கேக்காது. நீங்க வலது பக்கம் இருந்தாத்தான் பேச முடியும். ஓசூர் வரைக்குமா நீங்களும்? நல்லதாப் போச்சு. எனக்குப் பேசாம உக்காந்திருக்க வராது. பூந்தமல்லியில ஏறினதுலருந்து ஒரு இடத்துல உக்கார முடியல, பார்த்தீங்கல்ல, மூணு சீட் மாத்திட்டேன்.

ரொம்ப யோசிக்காதீங்க, நானே சொல்லிடறேன். ‘ஏழாம் வார்டு’. மத்தியானம் ரெண்டு மணி சீரியல். ஹெட் நர்ஸ் கிளேர். ஆங், பாருங்க சிரிப்பை! "நாம சமாளிப்போம்." அதேதான். அந்த கிளேர் நான்தான். நான்னா, முகம் லோரெட்டா ஹாஸ்கின்ஸ், அமெரிக்காக்காரி. பேச்சு மங்கையர்க்கரசி, வளசரவாக்கம்.

உங்கம்மா பார்ப்பாங்களா? பார்க்காத வீடு எது அப்ப! எங்க தெருவுல ரெண்டு மணிக்குக் குழாயில தண்ணி வந்தாக்கூடப் பிடிக்க ஆள் வராது. காய்கறிக்காரி முதக்கொண்டு அதைச் சொல்லுவா. "என்னம்மா தக்காளி இந்த விலை விக்குது"ன்னு கேட்டா, "நாம சமாளிப்போம்கா"ம்பா. சொல்றது என்கிட்டயேன்னு அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லிக்கமாட்டேன். எங்க தொழில்ல குரல்தான் ஆளு, ஆளு வெளியில வரக்கூடாது.

ஒரு நிமிஷம், போனைப் பார்த்துக்கறேன். மாப்பிள்ளை கூப்பிடறேன்னாரு. இல்ல, இன்னும் வரல.

லோரெட்டாவைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. அவளை என்னளவுக்குத் தெரிஞ்சவங்க அமெரிக்காவுலயே கிடையாது. அவ பொறந்தது ஏதோ மாவு மில் இருக்கற சின்ன ஊரு. அப்பன் விட்டுட்டுப் போயிட்டான். அம்மாக்காரி ரோட்டோர லாட்ஜுல அறை கூட்டி, படுக்கை விரிச்சு வளர்த்தா. பத்தொம்பது வயசுல துணி சோப்பு விளம்பரத்துல நடிக்க வந்தா. அப்புறம் ஒரு காமெடி சீரியல்ல பக்கத்து வீட்டுப் பொண்ணு, தெனமும் கதவைத் தட்டி சர்க்கரை கடன் கேக்கற வேஷம். அதுக்கப்புறம் தொடர்ந்து மூணு சீரியல் ஊத்திக்கிச்சு. முப்பத்தஞ்சு வயசுக்கு மேல இனிமே என்னன்னு உக்காந்திருக்கறப்பதான் இந்த நர்ஸ் வேஷம் வந்துச்சு. பதினோரு வருஷம் ஓடிச்சு அங்க.

இதெல்லாம் பத்திரிகையில வந்தது, யார் வேணும்னாலும் படிக்கலாம். எனக்குத் தெரிஞ்சது வேற. எனக்கு இங்கிலீஷ் பாதிதான் வரும். மூச்சு முழுசா வரும். டப்பிங் தியேட்டர்ல ஹெட்போன் மாட்டிக்கிட்டா, அவ வசனம் பேசறதுக்கு முன்னாடி இழுக்கற மூச்சு, முடிச்சப்புறம் விடற மூச்சு, எல்லாம் கேக்கும். அதைப் பிடிச்சாத்தான் நம்ம பேச்சு அவ வாயில உக்காரும். அவ எப்ப சிகரெட் ஆரம்பிச்சா, எனக்குத் தெரியும். எப்ப விட்டா, தெரியும். முன்பல்லு ரெண்டு மாத்திக்கிட்டா, அது காத்து போற சத்தத்துல தெரிஞ்சுடுச்சு. மாசமா இருந்தப்போ வயித்தை மறைக்கறதுக்கு எப்பப் பார்த்தாலும் கையில ஒரு ஃபைலைக் கொடுத்துப் பிடிச்சுக்கச் சொல்லியிருந்தாங்க. நான் ஃபைலைப் பார்க்கறதுக்கு முன்னாடியே சவுண்ட் இன்ஜினியர்கிட்ட சொல்லிட்டேன், "இவளுக்கு நாள் தள்ளிப் போயிருக்கு"ன்னு. அவருக்கு வெக்கமாப் போச்சு.

அவ்வளவு தெரியும் எனக்கு. கூடப் பொறந்தவளுக்குக்கூட அவ்வளவு தெரிஞ்சிருக்காது.

இது என்ன ஊரு, வாலாஜாவா? இன்னும் எவ்வளவு தூரம் இருக்கு! இந்த டிரைவர் உருட்டிக்கிட்டே போறான்.

அந்த வசனத்தைப் பத்திச் சொல்றேன் கேளுங்க. நாலாவது வருஷக் கதை. கிளேரோட புருஷன் ஒரு டாக்டர். கை நீட்டுவான். வெளியில தெரியாது, பெரிய மனுஷன். ஒரு நாள் அவ வார்டு டூட்டியை முடிச்சுட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவுல இருக்கற போன்லருந்து அவனுக்குப் பேசுவா. ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லமாட்டா. மூச்சு மட்டும்தான். கேமரா முகத்துக்குக் கிட்ட வந்துடும், உதடு மட்டும்தான் தெரியும் டிவி முழுக்க. அப்புறம் சொல்லுவா, "ஐ'ம் நாட் கமிங் ஹோம்." போனை வச்சுட்டு நடந்து போயிடுவா. அவ்வளவுதான் சீன்.

தமிழ்ல வசனம் எழுதிக் கொடுக்கற தம்பி, ‘நான் வீட்டுக்கு வரமாட்டேன்’னு எழுதி வச்சிருந்தான். பேசிப் பார்த்தேன். உக்காரல. அவ கடைசியில உதட்டை மூடறா, "ஹோம்"னு. நான் "மாட்டேன்"னு வாயைத் திறந்துகிட்டு நிக்கறேன். அவ்வளவு கிட்டத்துல ஆறு வயசுப் பிள்ளைகூட கண்டுபிடிச்சுடும். "வரமாட்டேம்மா"ன்னு சொல்லிப் பார்த்தேன். எங்க டைரக்டர் சிரிச்சுட்டாரு, "அவ அம்மாகிட்டயா பேசறா?"ன்னு. தம்பி வேற டீ குடிக்கப் போயிட்டான். தியேட்டர்ல அடுத்த பார்ட்டி வெளியில காத்துக்கிட்டிருக்கு. எனக்கு அப்ப வாயில வந்துச்சு பாருங்க, யோசிக்கவேயில்ல: "நாம சமாளிப்போம்." உதடு மூடற இடமெல்லாம் அச்சுல வார்த்த மாதிரி உக்காந்துச்சு. நாம, சமா, போம். நடுவுல ஒரு ‘ப்’பு மட்டும் கூடுதல், அதை முழுங்கிட்டேன்.

டைரக்டர் எந்திரிச்சு கை தட்டினாரு. சேனல்காரருக்குச் சந்தோஷம் தாங்கல. "மத்தியான நேரம், வீட்டுப் பொம்பளைங்க பார்க்கறது, புருஷனை விட்டுட்டுப் போறேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? இதுதான்மா குடும்பப் பாங்கு"ன்னாரு. நான் என்ன தப்பாவா சொன்னேன்? ஊர்ல எல்லாரும் சமாளிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. நான் சமாளிக்கலயா? எங்க வீட்டுக்காரருக்கு முன்கோபம். இந்த இடது காது ஒரு தீபாவளிக்குப் போனது. அதுக்காக வீட்டை விட்டா போயிட்டேன்? மறுநாள் டப்பிங் போனேன். ஹெட்போனை வலது காதுல மட்டும் வச்சுக்கிட்டுப் பேசினேன். இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான். அவர் போய்ச் சேர்ந்து ஒம்பது வருஷமாச்சு, பாவம்.

என்ன பார்க்கறீங்க? இதெல்லாம் அந்தக் காலத்துல சகஜம்மா.

அதுக்கப்புறம்தான் வேடிக்கை. அந்த வசனத்துல அவளை நாங்க வீட்டோட கட்டிப் போட்டுட்டோம். ஆனா அவ இங்கிலீஷ்ல கிளம்பிப் போயிட்டாளே! அடுத்த வாரத்துலருந்து ஒரு சின்ன ஃப்ளாட்டுல தனியா இருக்கா. புருஷனைக் காணோம். என்ன பண்றது? கப்பல்ல அனுப்பிட்டோம். கப்பல் டாக்டர். அவ வக்கீலுக்கு போன் பண்ணா, நாங்க அதைப் புருஷனுக்குப் பண்ற போனா மாத்திடுவோம். "ஜீவனாம்சம் எவ்வளவு"ன்னு அவ கேட்டா, நான் "அங்க குளிர் எவ்வளவு"ன்னு கேப்பேன். ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு மீசைக்காரன் கூட ஹோட்டலுக்குப் போவா, மெழுகுவத்தி எல்லாம் ஏத்தி வச்சு. அவனைச் சித்தப்பா பையன் ஆக்கிட்டோம். அவன் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு ஏதோ உருகுவான், நான் "சித்திக்கு மூட்டுவலி எப்படி இருக்கு?"ன்னு கேப்பேன். சிரிக்காதீங்க. சிரிக்காம அதைப் பேசறதுக்குள்ள நாங்க பட்ட பாடு!

சனங்க நம்பினாங்களான்னா, நம்பினாங்க. மாம்பலத்துல ஒரு அம்மா என் குரலைக் கேட்டுட்டு கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. "உன்னை மாதிரிதான் தாயி நானும் சமாளிச்சுக்கிட்டிருக்கேன்"ன்னாங்க. அவங்க கையில வளையலுக்கு மேல பச்சையா ஒரு தடம் இருந்துச்சு. எனக்குப் பெருமையா இருந்துச்சு, பொய் சொல்வானேன். ஒரு பேச்சு ஒருத்தருக்குத் தெம்பு கொடுத்தா நல்லதுதானே?

ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த சீன்ல அவ மூச்சு இருக்கே, அது நடிப்பு மூச்சு இல்ல. எனக்கு அன்னிக்கே தெரியும். அந்த சீரியல் தயாரிப்பாளர்தான் அவ நிஜப் புருஷன். அந்த மாசம்தான் அவளும் அவனை விட்டுட்டு வந்திருக்கா. நிஜமாவே வராந்தாவுல நின்னு நிஜமாவே சொல்ற மாதிரி சொல்லியிருக்கா. அவன் சும்மா விடுவானா? அடுத்த வருஷம் கிளேரை கோமாவுல படுக்க வச்சுட்டான். வாரா வாரம் அவ கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருப்பா, நான் இங்க மைக் முன்னாடி நின்னு மூச்சு மட்டும் விட்டுட்டு வருவேன். படுத்திருக்கறப்பவும் அவ மூச்சுல கோபம் இருக்கும். அப்புறம் அங்க சனங்க சண்டை போட்டு, அவளை எழுப்பச் சொல்லி, அவன் எழுப்பினான். எழுந்து இன்னும் ஆறு வருஷம் நடிச்சா. நான்தான் சொல்றேனே, கெட்டிக்காரி.

இப்ப வயசாயிடுச்சு அவளுக்கு. தலைமுடிச் சாயம் விக்கற விளம்பரத்துல வர்றா. போன வருஷம் ஏதோ ஒரு பெரிய விருது கொடுத்தாங்க. போன்ல பார்த்தேன். மேடையில என்ன சொல்றா தெரியுமா? "நான் எத்தனையோ சீன் நடிச்சேன், ஆனா ஒரே ஒரு டெலிபோன் சீனுக்காகத்தான் பொம்பளைங்க இன்னும் என்னை ரோட்டுல நிறுத்திக் கட்டிப் பிடிச்சுக்கறாங்க. அதைப் பார்த்துட்டுத்தான் பையைத் தூக்கிக்கிட்டு வெளியில வந்தோம்னு சொல்றாங்க"ன்னு. எனக்கு முக்கால்வாசி புரிஞ்சுது. அங்க கட்டிப் பிடிச்சு ஒண்ணு சொன்னாங்க, இங்க என் கையைப் பிடிச்சு ஒண்ணு சொன்னாங்க. ரெண்டும் ஒரே சீனுக்குத்தான். அதுல எனக்கு என்ன குறை? இல்ல, சும்மா சொன்னேன்.

மாப்பிள்ளை கூப்பிடறாரு, இருங்க. ஹலோ... ஆமாங்க மாப்பிள்ளை. ஆம்பூர் தாண்டிட்டோம். சாப்பிட்டேன், சாப்பிட்டேன். சரிங்க... சரிங்க, வந்து சொல்றேன்.

பாருங்க, சாப்பிட்டீங்களா அத்தைன்னு கேக்கறாரு. எவ்வளவு பதவிசு. அவரைப் போய் என் பொண்ணு அப்படிப் பேசுது.

எனக்கு ஒரே பொண்ணும்மா. பூங்கோதை. சேலத்துல கட்டிக் கொடுத்தேன். மாப்பிள்ளைக்கு சொந்தமா வெள்ளிப் பட்டறை, கார், வீடு. மொத வருஷம் பையைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னா. "என்னடி"ன்னேன். "அடிக்கறாரும்மா"ன்னா. எந்த வீட்டுல இல்ல? அவளை உக்கார வச்சு, தலையைத் தடவி, லோரெட்டா குரல்ல, அந்த மெதுவான குரல்ல சொன்னேன், "நாம சமாளிப்போம்"னு. அந்தக் குரலுக்கு ஒரு வசியம் உண்டு, கேட்டா யாரும் அடங்கிடுவாங்க. அவ சின்னப் பிள்ளையிலருந்து அந்தக் குரல்ல தூங்கினவ. அடங்கிட்டா. நானே கொண்டுபோய் விட்டுட்டு வந்தேன்.

அடுத்த வருஷம் மறுபடி வந்தா. வாசப்படியிலயே நின்னுட்டா, உள்ள வரல. "என்னைத் திருப்பி அனுப்பமாட்டேன்னு சொல்லு, அப்பதான் உள்ள வருவேன்"ன்னா. எனக்கு அன்னிக்கு டப்பிங் இருந்துச்சு. "நான் அந்த வீட்டுக்குப் போகமாட்டேம்மா"ன்னு சொல்லிக்கிட்டே நிக்கறா. அக்கம் பக்கமெல்லாம் பார்க்குது. மாப்பிள்ளை சாயந்தரம் கார் எடுத்துக்கிட்டு வந்தாரு, என் கால்ல விழுந்தாரு. கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. போறப்போ என் பொண்ணு என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்ல. திமிரு.

மூணாவது தடவை அவ என்கிட்ட வரல. எங்க போனா, யாருக்கும் தெரியல. நான் சாப்பாடு இறங்காம, தூக்கம் இல்லாம, மைக் முன்னாடி நின்னா குரல் உடைஞ்சு போகுது. ஆறேழு மாசம் கழிச்சு ஒரு போன். ஏதோ ஒரு கம்பெனியில வேலையாம், பொம்பளைப் பிள்ளைங்க ஹாஸ்டல்லயாம், ஊர் பேரைச் சொல்லமாட்டேன்னுட்டா. "ரூம்ல எல்லாரும் சேர்ந்து ‘ஏழாம் வார்டு’ இங்கிலீஷ்ல பார்த்தோம்மா"ன்னா. நான் சந்தோஷமா, "அப்படியா, எப்படி இருக்கு?"ன்னு கேட்டேன். அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "அவ என்ன சொன்னான்னு உனக்குத் தெரியும்தானே?" உதடு பொருந்தலடின்னு சொன்னேன். நிஜம் அதுதானே? உதடு பொருந்தல! போனை வச்சுட்டா. ரெண்டு வருஷம் பேசல. ஒரு சீரியல் வசனத்துக்காக பெத்தவகிட்ட ரெண்டு வருஷம் பேசாம இருப்பாங்களா? நீங்களே சொல்லுங்க.

சரி விடுங்க.

இப்ப எதுக்கு ஓசூர் போறேன்னு கேளுங்க. அந்த சீரியலைப் புதுசா போன்ல பார்க்கற கம்பெனிக்கு மறுபடி தமிழ்ல பண்றாங்க. பழைய டேப்பெல்லாம் பூஞ்சை பிடிச்சுப் போச்சாம். வேற குரலைப் போட்டுப் பார்த்தாங்க, சனங்க ஒத்துக்கல. கிளேர்னா அந்த அம்மாதான் வேணும்னுட்டாங்க. வந்து கூட்டிக்கிட்டுப் போனாங்க. புது டைரக்டர், சின்னப் பையன், காதுல கடுக்கன். அந்த சீன் வந்துச்சு. நான் பழக்கத்துல "நாம சமாளிப்போம்"னேன். "மேடம், இது வேண்டாம். ஒரிஜினல்ல என்ன இருக்கோ அதைப் பேசுங்க"ன்னான். உதடு உக்காராதுப்பான்னேன். "உதடு கெடக்கட்டும் மேடம்"ன்னான். முப்பது வருஷ சர்வீஸ்ல எவனும் என்கிட்ட அப்படிச் சொன்னதில்ல. கோபம் வந்துச்சு.

பேசினேன். வரல. நாலு டேக் போச்சு. வசனம் வருது, அந்த மூச்சு வரல. லோரெட்டா அந்தப் பக்கம் வராந்தாவுல நின்னுக்கிட்டிருக்கா, நான் இந்தப் பக்கம் நிக்கறேன், அவ மூச்சு எனக்குப் பிடிபடல. இத்தனை வருஷத்துல மொத தடவை. அஞ்சாவது டேக்ல கண்ணை மூடிக்கிட்டேன். திரையைப் பார்க்கல. எங்க வீட்டு வாசப்படிதான் தெரிஞ்சுது. "நான் வீட்டுக்கு வரமாட்டேன்"னேன்.

சவுண்ட் இன்ஜினியர் ஹெட்போனைக் கழட்டிட்டு என்னையே பார்த்தாரு. அந்தப் பையன் கேட்டான், "எங்கருந்து மேடம் இதைப் பிடிச்சீங்க?"ன்னு. தொழில் ரகசியம்டா தம்பின்னு சொல்லிட்டு வந்துட்டேன். அது லோரெட்டா மூச்சு இல்ல, என் மூச்சும் இல்ல. என் பொண்ணு மூச்சு. அப்படியே, அட்சரம் பிசகாம. என் காதுல அது இத்தனை நாள் இருந்திருக்கு பாருங்க, எனக்கே தெரியாம.

நல்லா வந்துச்சேன்னு அந்தத் துண்டை மட்டும் போன்ல வாங்கி, கோதை அன்னிக்குக் கூப்பிட்ட நம்பருக்கு அனுப்பினேன். பெருமைக்குத்தான் அனுப்பினேன், வேற ஒண்ணுமில்ல. ரெண்டு நாள் பதில் இல்ல. மூணாம் நாள் அவகிட்டருந்து ஒரு விலாசம் வந்துச்சு. ஓசூர்ல ஹாஸ்டல் பேரு, தெரு பேரு. கீழ ஒரே வார்த்தை. "வாம்மா."

கை கால் ஓடல எனக்கு. முறுக்கு சுட்டேன், ரவா லட்டு பிடிச்சேன். யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு. நேத்து மாப்பிள்ளை எப்பவும் போல போன் பண்ணாரு, வாரா வாரம் பண்ணுவாரு, கோதை தகவல் உண்டா அத்தைன்னு. சொல்லிட்டேன். "ஓசூர்ல இருக்கா, நாளைக்குப் பார்க்கப் போறேன்"னு. அவருக்கும் சந்தோஷம். எங்கன்னு கேட்டாரு. விலாசம் படிச்சுச் சொல்ல எனக்குக் கண்ணாடி கையில இல்ல. "பரவால்ல அத்தை, நான் சேலத்துலருந்து கார்ல வந்து ஓசூர் பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன். நீங்க இறங்கினதும் சேர்ந்து போவோம். அவகிட்ட சொல்லிடாதீங்க, திடீர்னு போய் நின்னாத்தான் சமாதானம் ஆவா"ன்னாரு. இதோ, மேல கம்பியில வச்சிருக்கேனே பட்டுப் புடவை, அது கூட கோதைக்குன்னு அவர் கொரியர்ல அனுப்பி வச்சிருந்ததுதான், போன பொங்கலுக்கு. ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சு நாலு வார்த்தை பேசிட்டா முடிஞ்சுது.

ஏம்மா மூஞ்சி அப்படி ஆயிடுச்சு? என்ன கேக்கறீங்க? சத்தமாக் கேளுங்க. எதுக்கு அவகிட்ட சொல்ல வேண்டாம்னாருன்னா... சொன்னேனே, சமாதானத்துக்கு. நீங்க வேற. போலீஸ்காரி மாதிரி கேக்கறீங்க.

அவ வான்னு கூப்பிட்டது என்னைத்தான்னு சொல்றீங்க. ஆமா, என்னைத்தான். அதுக்கென்ன?

கிருஷ்ணகிரி வந்துடுச்சா? பத்து நிமிஷம் நிக்கும்னு சொல்றான் பாருங்க. இன்ஜினை நிறுத்திட்டான், அப்பாடா, காது குளிருது. மறுபடி மாப்பிள்ளைதான், இருங்க.

ஹலோ... சொல்லுங்க மாப்பிள்ளை. கிருஷ்ணகிரியில நிக்குது. நீங்க வந்துட்டீங்களா? சரி... என்ன? ஹாஸ்டல் பேரா? அதான் வந்து... நீங்க முன்னாடியே போய் நிக்கறீங்களா? எதுக்கு... இல்ல, சொல்லமாட்டேன்னு சொல்லல... இருங்க, கண்ணாடி எடுக்கறேன். இருங்க.

அம்மா. இங்க பாருங்க. போனைக் கையால பொத்திக்கிட்டிருக்கேன், அவருக்குக் கேக்காது. பஸ் சத்தத்துல இதுவரைக்கும் எனக்குத் தெரியல. இப்பதான் கேக்குது. பேச்சு தேனா இருக்கு. "பரவால்ல அத்தை, மெதுவா எடுங்க அத்தை." மூச்சு அப்படி இல்ல. மூக்கால ஒண்ணு இழுத்து, நிறுத்தி வச்சிருக்காரு. விடல. அந்த மூச்சை எனக்குத் தெரியும்மா. எங்க வீட்டுக்காரர் கையை ஓங்கறதுக்கு முன்னாடி அப்படித்தான் இழுத்து நிறுத்துவாரு. தீபாவளிக்கு என் இந்தக் காதுல கடைசியாக் கேட்ட சத்தம் அதுதான்.

பேசாம இருங்க. யாரும் பேசாதீங்க.

"நான் கோதை பேசறேன். அம்மா இங்கதான் இருக்காங்க, என் பக்கத்துல. ஓசூர்ல நீங்க யாருக்காக நிக்கறீங்களோ, அவ அங்க இல்ல. அம்மாவைக் கூட்டிக்கிட்டு மெட்ராஸ் போறேன். பேச வேண்டியது இருந்தா அங்க வந்து பேசுங்க. ஒண்ணு மட்டும் இப்பவே கேட்டுக்குங்க. நான் வீட்டுக்கு வரமாட்டேன்."

வச்சுட்டேன். அணைச்சும் போட்டுட்டேன்.

நம்பிட்டான். "கோதை, கோதை"ன்னு கத்தினான். கட்டின புருஷனுக்கே வித்தியாசம் தெரியல. போன்ல உதடு தெரியாது பாருங்க, அது ஒரு சௌகரியம்.

இந்த டப்பாவைக் கொஞ்சம் பிடிங்க. முறுக்கு. நீங்களே வச்சுக்குங்க, பிள்ளைங்களுக்குக் கொடுங்க. அந்தப் புடவை மேல கம்பியிலயே கிடக்கட்டும், யார் எடுத்தாலும் எடுத்துக்கட்டும். உங்க போனை ஒரு நிமிஷம் கொடுங்க, என் பொண்ணுக்கு ஒரு வார்த்தை சொல்லணும். நம்பர் எனக்கு மனப்பாடம். பேசினதும் அழிச்சுடுங்க, கோவிச்சுக்காதீங்க.

"கோதை, அம்மாடி. இது வேற யாரோ போன். நான் இன்னிக்கு வரலடி. ஏன்னு அப்புறம் சொல்றேன். நீ இன்னிக்கு வெளியில போகாத. ஹாஸ்டல் அம்மாகிட்ட சொல்லி வை. விலாசத்தை யாருக்கும் கொடுக்காத. நான் கேட்டாக்கூடக் கொடுக்காத."

நீங்க எதுக்கும்மா அழறீங்க? நான் ஊருக்குத் திரும்பறேன், அவ்வளவுதான். அவன் மெட்ராஸ் வருவான். வரட்டும். வளசரவாக்கம் வரட்டும். கதவை நான்தான் திறப்பேன்.

அந்தப் பையன் ஸ்டூடியோவுல அஞ்சு டேக் வாங்கினான் என்னை. இப்ப பார்த்தீங்கல்ல, ஒரே டேக். கண்டக்டர் தம்பி, விசில் அடிச்சிடாத, ஒரு ஆள் இறங்கணும். ஆமாப்பா, டிக்கெட் ஓசூர் வரைக்கும்தான் எடுத்திருக்கேன். தெரியும். வழி விடு.